எக்ஸ்டர்னல் யாரைச் சோதிக்க வருகிறார்?

நீங்கள் கேட்டது இது: அடுத்த வாரம் பி.எஸ்சி. இயற்பியல் பிராக்டிகல், வரப்போகிற எக்ஸ்டர்னல், அதாவது வெளிக் கல்லூரியிலிருந்து வரும் தேர்வாளர், ரொம்பக் கறாரானவர் என்று சீனியர்கள் பயமுறுத்துகிறார்கள், வருடம் முழுக்க லேப்பில் கூடவே நின்ற சார் இருக்கும்போது மூன்று மணி நேரம் வந்துபோகிறவர் எதற்கு மார்க் போட வேண்டும், அவர் நினைத்தால் பெயில் ஆக்க முடியுமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முடியும், ஆனால் அநேகமாகச் செய்ய மாட்டார். ஏன் செய்ய மாட்டார் என்பதில்தான் இந்த ஏற்பாட்டின் நல்லது கெட்டது இரண்டும் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். நான் இயற்பியல் வாத்தியார். இன்டர்னலாக, அதாவது சொந்தக் கல்லூரித் தேர்வாளராக, உட்கார்ந்ததும் உண்டு, எக்ஸ்டர்னலாக ஊர் ஊராகப் பஸ் ஏறிப் போனதும் உண்டு, இரண்டும் சேர்த்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது.

எக்ஸ்டர்னல் உங்களைச் சோதிக்க வருகிறார் என்று நினைத்துப் பயப்படுகிறீர்கள். அவரை அனுப்புகிற ஏற்பாட்டுக்குக் கவலை உங்கள் சாரைப் பற்றித்தான். சொல்லிக்கொடுத்தவரே கேள்வி போட்டு, அவரே பார்த்து, அவரே மார்க்கும் போட்டால், அதில் எவ்வளவு பையனுடைய உழைப்பு, எவ்வளவு சாருடைய பிரியம், எவ்வளவு சாருடைய கோபம், எவ்வளவு 'நம்ம டிபார்ட்மென்ட் ரிசல்ட் கெட்டுவிடக் கூடாது' என்ற பயம் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. கடைசிப் பந்தியில் உட்கார்ந்தாலும் பரிமாறுகிறவர் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பார்கள். அந்தத் தெரிந்தவர் பக்கத்தில் ஒரு தெரியாதவரையும் நிறுத்தி வைப்பதுதான் எக்ஸ்டர்னல் என்ற ஏற்பாடு.

நம் ஊரில் இது தலைகீழாக ஆரம்பித்தது. 1857-இல் வந்த கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் மூன்றுக்கும் முன்மாதிரி லண்டன் பல்கலைக்கழகம். அதுவோ 1836-இல் தொடங்கியபோது பாடமே நடத்தவில்லை, கல்லூரிகளில் படித்து வருகிறவர்களுக்குத் தேர்வு வைத்துப் பட்டம் கொடுப்பதுதான் அதற்கு வேலை. சென்னைப் பல்கலைக்கழகமும் முதலில் அப்படித்தான். அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகள் என்று சொல்லப்படுகிற சி.வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்துக்காரர்கள், வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர்கள். அவர்களை உருவாக்கியது ஓரிடம், தேர்வு வைத்துப் பட்டம் கொடுத்தது கடலுக்கு இந்தப் பக்கம் வேறொரு இடம். அதாவது ஆரம்பத்தில் எல்லாத் தேர்வுமே வெளித்தேர்வு, எல்லாத் தேர்வாளரும் ஏதோ ஒரு வகையில் எக்ஸ்டர்னல்.

இதில் பாரபட்சம் குறைவு, ஆனால் வேறொரு கோளாறு வந்தது. வாத்தியார் பாடத்தைப் பார்த்து நடத்துவதை விட்டு, என்ன கேள்வி வரும் என்று பார்த்து நடத்த ஆரம்பித்தார். 1902-இல் வைஸ்ராய் கர்சன் காலத்துப் பல்கலைக்கழகக் கமிஷனிலிருந்து 1964-66 கோத்தாரி கல்விக் கமிஷன் வரை இதைக் குறை சொல்லாதவர் இல்லை. கோத்தாரி எழுதிக்கொடுத்த மருந்துகளில் ஒன்று தன்னாட்சிக் கல்லூரி. 1978-இல் லயோலா, சென்னை கிறித்தவக் கல்லூரி போன்ற கல்லூரிகளுக்குத் தன்னாட்சி வந்தது. பாடத்திட்டமும் நீங்களே, கேள்வித்தாளும் நீங்களே, திருத்துவதும் நீங்களே. சரி, அப்படியானால் உங்களை யார் பார்ப்பது? அங்கேதான் நாம் இன்று பேசுகிற எக்ஸ்டர்னல் முக்கியமான ஆளாகிறார். பாடத்திட்டக் குழுவில் வெளியிலிருந்து நிபுணர்கள், துணைவேந்தர் அனுப்பும் ஒரு ஆள், கேள்வித்தாள் எடுக்க வெளிக் கல்லூரி ஆசிரியர், பிராக்டிகலுக்கு எக்ஸ்டர்னல் என்று ஒவ்வொரு வாசலிலும் ஒரு வெளியாள் நிற்கிறார். தன்னாட்சி இல்லாத கல்லூரி என்றால் எழுத்துத் தேர்வைப் பல்கலைக்கழகமே நடத்திவிடும், பதிவெண்ணுக்குப் பதில் டம்மி நம்பர் போட்ட பேப்பர் எங்கோ ஒரு மையத்தில் முகம் தெரியாதவரிடம் போகும். ஆனால் பிராக்டிகலை அப்படிக் கட்டி அனுப்ப முடியாது, ஒளி எந்தக் கோணத்தில் வளைகிறது என்று அளக்கிற ஸ்பெக்ட்ரோமீட்டரை மூட்டை கட்டி மதுரைக்கு அனுப்ப முடியுமா? அதனால் ஆள்தான் வர வேண்டியிருக்கிறது.

இனி லேப்புக்குள் போவோம். சில வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரிக்கு எக்ஸ்டர்னலாகப் போயிருந்தேன், பெயர் வேண்டாம். ஸ்பெக்ட்ரோமீட்டரில் கிரேட்டிங், அதாவது நெருக்கமாகக் கோடு போட்ட தகடு, வைத்து சோடியம் விளக்கின் அலைநீளம் கண்டுபிடிக்கும் சோதனை, அந்த பேட்ச்சில் ஆறு பேருக்குச் சீட்டில் வந்திருந்தது. சோடியத்தின் மஞ்சள் உண்மையில் இரண்டு கோடுகள், 5890-ம் 5896-ம், சராசரி 5893 ஆங்ஸ்ட்ராம் என்று புத்தகத்தில் இருக்கும், மனப்பாடமாகவே தெரியும். ஆறில் ஐந்து பேருக்கு விடை 5893, இல்லாவிட்டால் 5892. மீட்டருக்கு 6 லட்சம் கோடு போட்ட கிரேட்டிங்கில் அந்த விடை வர வேண்டுமென்றால் கோணம் 20 டிகிரி 42 நிமிடம் இருக்க வேண்டும், அட்டவணையில் அச்சாக அப்படியே இருந்தது. ஒரு பையனிடம், 'தம்பி, முதல் ஆர்டர் கோட்டை டெலஸ்கோப்பில் காட்டுங்க' என்றேன். டெலஸ்கோப்பை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்திப் பார்த்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும், விளக்கின் ஒளி உள்ளே வருகிற கொலிமேட்டர் ஸ்லிட்டே மூடியிருந்தது.

ஆறாவது ஒரு பெண். அவள் விடை 5990. பக்கத்தில் வந்து நின்ற இன்டர்னல் காதோரமாக, 'சார், நல்லாப் படிக்கிற பொண்ணு, இன்னைக்கு என்னவோ சொதப்பிட்டா' என்றார். அட்டவணையைப் பார்த்தேன். இடப்பக்கம் 20 டிகிரியும் சொச்சமும், வலப்பக்கம் கிட்டத்தட்ட 22. 'ஏம்மா ரெண்டு பக்கமும் ஒண்ணரை டிகிரி வித்தியாசம்?' என்று கேட்டேன். 'கிரேட்டிங்கை செட் பண்ணி 45 டிகிரி திருப்பும்போது டேபிள் ஸ்க்ரூ வழுக்கிடுச்சு சார், நேரா நிக்கலைன்னு தெரியும், திரும்ப செட் பண்ண நேரம் இல்லை, வந்ததை எழுதிட்டேன்' என்றாள். தவறு எங்கே நடந்தது, அது எந்தத் திசையில் விடையைத் தள்ளும் என்பது வரை அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த பேட்ச்சில் அதிக மார்க் அவளுக்குத்தான் போட்டேன். இன்டர்னல் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார், அப்புறம் சிரித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். வருடம் முழுக்க அவளைப் பார்த்தவர் அவர், ஆனாலும் அன்று விடையை மட்டும்தான் பார்த்தார், ஏனென்றால் என்ன விடை வர வேண்டும் என்று அவருக்குப் பல வருடமாகத் தெரியும். எனக்கும் அது தெரியும், ஆனால் அந்தப் பெண்ணைத் தெரியாது, அதனால் கேட்க வேண்டியிருந்தது. வெளியாளால் ஆகிற நன்மை இதுதான் என்று நான் நினைக்கிறேன், தெரியாததால் கேட்பது.

இதோடு நிறுத்தினால் நான் பெரிய நியாயவான் என்று தோன்றும். ஸ்லிட் மூடியிருந்த பையனுக்கு என்ன செய்தேன் தெரியுமா? பாஸ் மார்க்குக்கு மேலேயே போட்டேன். மற்ற நால்வருக்கும் அப்படித்தான்.

ஏன் என்று கேட்டால் முதலில் கணக்கு. ஒரு பேட்ச்சில் 30 பேர் என்று வையுங்கள், மூன்று மணி நேரம் என்றால் 180 நிமிடம். ஆளுக்கு 5 நிமிடம் வைவா, அதாவது வாய்மொழிக் கேள்வி, என்றால் 150 நிமிடம் போய்விட்டது. மீதி 30 நிமிடத்தில் 30 பேருடைய ரீடிங், கணக்கு, கிராப், ரெக்கார்டு நோட் எல்லாம் பார்க்க வேண்டும், ஆளுக்கு ஒரு நிமிடம். நடுவில் மார்க் பதிகிற ஃபாயில் ஷீட், பயணப்படிக்கான டி.ஏ. படிவம், ரெமுனரேஷன் படிவம் என்று ஐந்தாறு இடத்தில் கையெழுத்து. மத்தியானம் அடுத்த பேட்ச். இதில் ஒவ்வொருவரிடமும் டெலஸ்கோப்பில் காட்டு என்று நின்றால் இரவாகிவிடும்.

ஆனால் உண்மையான காரணம் கணக்கு இல்லை. காலை எட்டரைக்கு பஸ் ஸ்டாண்டில் ஒருவர் பைக்கோடு காத்திருப்பார். போனதும் டிபன், பத்தரைக்கு டீயும் வடையும், மத்தியானம் துறைத் தலைவர் ரூமில் தலைவாழை இலை, சில இடங்களில் பிரியாணி. அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, வீட்டுக்கு வந்தவரை நாம் அப்படித்தான் கவனிப்போம். ஆனால் ஒருவர் வீட்டில் கை நனைத்துவிட்டு, மாலையில் அவருடைய லேப் சரியில்லை, பிள்ளைகள் ரீடிங்கே எடுக்கவில்லை என்று எழுத மனசு வருமா? விருந்தாளி ஆனவர் தேர்வாளராக இருப்பது கஷ்டம். அதோடு அடுத்த செமஸ்டரில் அவரே என் கல்லூரிக்கு எக்ஸ்டர்னலாக வரப்போகிறார். நான் இங்கே இறுக்கினால் அங்கே என் பிள்ளைகள் தலையில் விடியும். யாரும் யாரிடமும் இதைப் பேசிக்கொள்வதில்லை, பேச வேண்டிய அவசியமும் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். வருடத்தில் சார் போடுகிற இன்டர்னல் மார்க்கை எக்ஸ்டர்னல் தொட முடியாது. நாங்கள் அப்போது இருந்த பல்கலைக்கழகத்தில் பிராக்டிகலுக்கு இன்டர்னல் 40, தேர்வுக்கு 60. அந்த நாற்பதில் வகுப்பு முழுக்க 38, 39, 40 என்று வரிசையாக நிற்கும், நானே அப்படிப் போட்டிருக்கிறேன். ஒரு மூத்த எக்ஸ்டர்னல் அந்தப் பட்டியலை எட்டிப் பார்த்துவிட்டு, 'உங்க கிளாஸ்ல யாருக்குமே லேப் வராம இருக்கலையா சார்?' என்று மெல்லக் கேட்டார். அவ்வளவுதான் கேட்டார், எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த வருடம் என் பட்டியல் 26-இல் ஆரம்பித்தது.

இதே வேலையை இங்கிலாந்தில் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தால் நம் ஓட்டை எங்கே என்று தெரியும். அங்கே இதன் கதை டர்ஹாமில் தொடங்குகிறது. 1832-இல் பல்கலைக்கழகம் தொடங்கியபோது புதுப் பட்டத்தை ஊர் மதிக்குமா என்று கவலை, அதனால் ஆக்ஸ்போர்டிலிருந்து ஆட்களை அழைத்துத் தேர்வாளராக உட்கார வைத்தார்கள். பிறகு 1880-இல் மான்செஸ்டரை மையமாக வைத்து விக்டோரியா பல்கலைக்கழகம் வந்தபோது வெளித்தேர்வாளர் வேண்டும் என்பது ஏற்பாட்டிலேயே இருந்தது. இன்று அங்கே எக்ஸ்டர்னல் என்பவர் ஒரு நாள் வந்துபோகிறவர் கிடையாது. ஒரு படிப்புக்கு வழக்கமாக 4 வருடம் அவரே. கேள்வித்தாள் அச்சுக்குப் போகும் முன் அவர் பார்வைக்கு வரும். திருத்திய விடைத்தாள்களில் ஒரு மாதிரிக் கட்டு, உச்சத்தில் சில, பார்டரில் சில, பெயில் ஆனவை சில என்று அனுப்புவார்கள். அவர் பையனுக்குப் பையன் மார்க்கை மாற்றுவது வழக்கமில்லை, மொத்தத் திருத்தலும் ஒரே சீராக இருக்கிறதா, மற்ற இடங்களோடு ஒப்பிட்டால் தரம் எப்படி என்றுதான் பார்க்கிறார். வருடக் கடைசியில் பல்கலைக்கழகத்துக்கு எழுத்தில் அறிக்கை கொடுக்க வேண்டும், துறை அதற்கு எழுத்திலேயே பதில் சொல்ல வேண்டும். அப்புறம், நீ என் துறைக்கு வா, நான் உன் துறைக்கு வருகிறேன் என்ற கொடுக்கல் வாங்கல் கூடாது என்று விதியே இருக்கிறது. அந்த விதியைப் படித்தபோது நம் ஊர் பிரியாணியை யாரோ நேரில் பார்த்துவிட்டு எழுதியது போல இருந்தது.

அங்கேயும் எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. முதல் வகுப்பு வாங்குகிறவர் எண்ணிக்கை வருடா வருடம் ஏறிக்கொண்டே போனதை அந்த அறிக்கைகளால் தடுக்க முடியவில்லை, அது அங்கே பெரிய விவாதம். 'எல்லாம் திருப்தி' என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பும் எக்ஸ்டர்னல்கள் அங்கேயும் உண்டு. ஆனாலும் அவர் கையில் ஒரு பேனா கொடுத்து எழுது என்கிறார்கள். நம் எக்ஸ்டர்னலுக்குக் கொடுப்பது கையெழுத்துப் போடுகிற இடம் மட்டும். எனக்கு இந்த ஏற்பாட்டில் இருக்கிற பெரிய குறை இதுதான். மூன்று மணி நேரத்தில் அந்த லேப்பைப் பற்றி எனக்குத் தெரிந்த விஷயம் எதையும் எழுத ஃபாயில் ஷீட்டில் இடமில்லை, மார்க் எழுதலாம், கையெழுத்துப் போடலாம், கவரை ஒட்டிக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம்.

எம்.எஸ்சி. போன்ற முதுகலைத் தேர்வில் பல இடங்களில் ஒரே பேப்பரை இன்டர்னலும் எக்ஸ்டர்னலும் தனித்தனியாகத் திருத்துவார்கள், வித்தியாசம் ஓர் அளவைத் தாண்டினால் மூன்றாவது ஆளிடம் போகும். இது ஓரளவு வேலை செய்கிறது, காரணம் இருவரும் நேரில் பார்த்துக்கொள்வதில்லை, டீ வடையும் இல்லை.

பிஎச்.டி.-யில் இது இன்னும் வேடிக்கை. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) விதிப்படி ஆய்வேட்டைக் குறைந்தது இரண்டு வெளித்தேர்வாளர்கள் பார்க்க வேண்டும், அவர்கள் அந்த நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்களாக இருக்கக் கூடாது, முடிந்தால் ஒருவர் வெளிநாட்டுக்காரராக இருக்க வேண்டும் என்று 2022 விதி சொல்கிறது. ஒருவர் நிராகரித்தால் பட்டியலில் இருக்கும் இன்னொருவருக்கு அனுப்ப வேண்டும். காகிதத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தப் பட்டியலில் பெயர்களை முதலில் எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் மாணவருக்கு ஆய்வில் வழிகாட்டும் கைடு. அவர் கருத்தரங்குகளில் கூடவே சாப்பிட்டவர்கள், அவர் மாணவர்களுக்கு முன்பு 'பரிந்துரைக்கிறேன்' என்று எழுதியவர்கள் பெயர்தான் அதில் இருக்கும். பிறகு வாய்மொழித் தேர்வு நாள். மாணவரின் அம்மா பட்டுப்புடவையில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார், வாசலில் ஸ்வீட் பாக்கெட் அடுக்கியிருக்கும், எக்ஸ்டர்னல் உள்ளே வந்ததும் சால்வை. சால்வையைப் போர்த்திக்கொண்டு மூன்றாவது அத்தியாயத்தில் தரவு எங்கே என்று கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று போர்த்தியவர்களுக்குத்தான் தெரியும். சால்வையை மடித்து மேஜையில் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கேள்வி கேட்டவர்களையும் பார்த்திருக்கிறேன், அவர்களை அதற்குப் பிறகு அந்தத் துறையில் பார்த்ததில்லை.

மருத்துவத்தில் எம்.டி., எம்.எஸ். தேர்வுக்கு நான்கு தேர்வாளர்களில் இரண்டு பேர் வெளியிலிருந்து வருவார்கள். அங்கே கட்டிலில் நிஜ நோயாளி படுத்திருக்கிறார், மாணவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சொல்வதை எக்ஸ்டர்னலும் தொட்டுப் பார்த்துச் சரிபார்க்கலாம். என் டாக்டர் நண்பர்கள் அங்கேயும் கதை உண்டு என்கிறார்கள், எனக்கு நேரடி அனுபவம் இல்லாததால் அதை விட்டுவிடுகிறேன்.

சரி, உங்கள் பிராக்டிகலுக்கு வருவோம். கறாரானவர் என்று சீனியர்கள் சொல்கிறவர் அநேகமாகக் கேள்வி கேட்கிறவராக இருப்பார், அவ்வளவுதான். அவரால் உங்களுக்கு நஷ்டம் வராது. விடை சரியாக வரவில்லை என்றால் புத்தகத்தில் இருக்கும் எண்ணைக் கொண்டுவந்து ஒட்டாதீர்கள், பல வருடம் ரீடிங் பார்த்தவருக்குப் பின்னாலிருந்து போட்ட கணக்கு முதல் பார்வையிலேயே தெரியும், எல்லா ரீடிங்கும் சொல்லிவைத்தது போல அழகாக வரும். வந்ததை எழுதிவிட்டு, ஏன் அப்படி வந்தது என்று ஒரு வரி யோசித்து வையுங்கள். தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லுங்கள், பாதிப் பேர் அதற்கே மார்க் போடுவோம். ரெக்கார்டில் உங்கள் சார் கையெழுத்து எல்லாப் பக்கத்திலும் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், அதுதான் கடைசி நாளில் நிறையப் பேரை அழ வைக்கும். கிரேட்டிங் வந்தால் 45 டிகிரி திருப்பியதும் டேபிள் ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு ஒரு தரம் தொட்டுப் பாருங்கள். சோடியம் விளக்கு போட்டவுடன் சிவப்பாகத்தான் எரியும், பதற வேண்டாம், சில நிமிடம் விட்டால் மஞ்சளாகும், அதுவரை ஸ்லிட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருங்கள்.